எண்பத்தெட்டுக் கட்டை

பகல் பன்னிரண்டு மணி. ராத்திரி இல்லை, நன்றாகக் கேளுங்கள்... உச்சி வெயில். பாபநாசம் தாண்டி, வாய்க்கால் ஓரமாகப் பிரிகிற ஒற்றைச் சாலை. ஆள் அரவம் இல்லை, கொக்குகூட இல்லை. அந்தச் சாலையில் ஒரு கார் வந்தது. காரில் ஹம்சத்வனி.

யார் என்றா? என்னோடு வேலை பார்க்கும் கயல்விழியின் சித்தி மகள். பியானோக்காரி. பத்தொன்பது வயதில் வியன்னா போனவள், பன்னிரண்டு நாட்டில் மேடை ஏறியவள். ஏய் சுடர்விழி, மூலையில் உட்கார்ந்து சிரிக்காதே. கதை முடியட்டும், அப்புறம் தனியாக பாத்ரூம் போ, பார்க்கலாம்.

அவள் அப்பா, பெயர் கல்யாணம், நன்றாகப் பாடுவார். மகளுக்கு ராகத்தின் பெயரை வைத்தார். அவளோ பியானோவுக்குப் போனாள். மனிதருக்கு வயிறு எரிந்தது. "வளையாத சுரம் பொணம்டி. அந்தப் பெட்டியில இருக்கிற எண்பத்தெட்டுக் கட்டையும் பொணக்கட்டைதான்" என்பார். முதல் பரிசு வாங்கிய கையோடு அவள் ஒரு பியானோவை வீட்டுக்கு அனுப்பினாள். அதன்மேல் விதைநெல் மூட்டையை அடுக்கி வைத்தார், பாவி மனிதர். நான் இருக்கிறவரை இந்த வீட்டில் இது வாயைத் திறக்காது என்றார். திறக்கவும் இல்லை. அவர் இறந்த அன்று அவள் மேடையில் இருந்தாள். சேதி தெரிவதற்குள் எரித்தே விட்டார்கள்.

பதினோரு மாதம் கழித்து, ஜெர்மனியில் ஒரு இசைத்தட்டுக் கம்பெனி அவள் வாசிப்பை வெளியிடக் கேட்டது. மூன்று நாளில் பதிவு போய்ச் சேர வேண்டும், தவறினால் வாய்ப்பு வேறொருத்திக்கு. எங்கே வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். அந்த வீட்டில்தான் வாசிப்பேன் என்று வந்தாள். வருவதற்கு முன்பே போனில் சொல்லி மூட்டையை இறக்க வைத்து, சென்னையிலிருந்து ஆள் வரவழைத்துச் சுருதி சேர்த்து வைத்திருந்தாள்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மதுரம் வாசலிலேயே மறித்தாள்.

"தலைத் திவசம்கூட ஆவல பாப்பா. வருஷம் திரும்பாம வீட்டுல வாத்தியச் சத்தம் கேக்கக் கூடாது. ஐயா வந்துடுவாரு."

"வரட்டுமே மதுரக்கா. உயிரோட இருந்தப்ப ஒரு தடவையாவது வந்து கேட்டாரா?"

மதுரம் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள்.

ஹம்சத்வனி கதவைச் சாத்தினாள். பழைய நெல் வாடை. மைக்கை வைத்தாள், வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவான இசை. ஒரு சுரத்தை அழுத்தி, விரலை எடுக்காமல் நீள விட்டாள்...

சுரம் வளைந்தது.

மேலே ஏறி, நடுங்கி, வழுக்கி இறங்கியது. பியானோவில் அது நடக்கவே நடக்காது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியை அடிக்கும், அவ்வளவுதான். அடித்த பிறகு யாரும் வளைக்க முடியாது. நிறுத்திவிட்டு மறுபடி வாசித்தாள். மறுபடி வளைந்தது. அப்பா பாடும்போது வளைக்கிற அதே வளைவு. அறையில் பன்னீர்ப் புகையிலை வாசனை. அவர் போடுகிற புகையிலை.

நாமாக இருந்தால் செருப்பைக்கூடத் தேடாமல் ஓடியிருப்போம். அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

"கையை எடுங்கப்பா," என்றாள். "உங்களுக்கு வளைஞ்சாத்தான் சுரம். எனக்கு நேரா நின்னாத்தான் சுரம். இது என் கச்சேரி."

மறுபடி அழுத்தினாள். மூன்றாம் தடவையும் வளைந்தது. அப்போதுதான் கவனித்தாள்... சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் மட்டும்தான் அவர் நுழைகிறார். வேகமாக ஓடும் இடத்தில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"இடம் விட்டாத்தானே பாடுவீங்க? விடமாட்டேன்."

அந்த இசையையே தூக்கிப் போட்டாள். தனக்குத் தெரிந்ததிலேயே மூச்சுவிடாமல் ஓடுகிற ஒன்றை எடுத்தாள். நாற்பத்திரண்டு நிமிடம். எண்பத்தெட்டுக் கட்டையிலும் கை ஓடியது. நகம் பிளந்தது, நிறுத்தவில்லை. புகையிலை வாசனை காதுக்குப் பக்கத்தில் வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. ஒரு சுரம்கூட வளையவில்லை. முடித்துவிட்டு, "கேட்டீங்களா?" என்று வெறும் அறையைப் பார்த்துக் கத்தினாளாம்.

பதிவை அனுப்பினாள். நான்காம் நாள் ஜெர்மனியிலிருந்து போன். பிரமாதம், அப்படியே வெளியிடுகிறோம் என்றார் அந்தக் கம்பெனியின் ஒலிப்பதிவுக்காரர். ஒரே ஒரு சந்தேகம், உன் பக்கத்தில் யாரோ ஆண் மூச்சு கேட்கிறதே?

"எங்க அப்பா," என்றாள் இவள். "கேட்டுட்டுப் போகட்டும்."

ஒலிப்பதிவுக்காரர் பதிவை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டாராம்... பாடப்போகிறவர் மாதிரி மூச்சை உள்ளே இழுக்கிறார், இழுக்கிறார், நாற்பத்திரண்டு நிமிடமும் இழுத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு தடவைகூட வெளியே விடவில்லையே, ஏன்?