நடவு முடிந்தும் காதில் தோடு

பட்டுக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, நடவு முடிஞ்சும் என் தோடு காதுலயே இருக்கு, பாத்தீங்களா?"

"அதான் பாக்குறேன். வருஷா வருஷம் நடவுச் செலவுக்கு அடகுக் கடைக்குப் போயிடுமே! அறுப்பு வரைக்கும் காது தூர்ந்துடாம வேப்பங்குச்சிதானே சொருகியிருப்பே?"

"இந்தத் தடவை எங்க மகளிர் குழுவுக்கு பேங்க் லோன் குடுத்தாங்க. குத்தகை நிலத்துக்கு அதுவே போதுமா இருந்துச்சு."

"கெட்டிக்காரிடி."

"நீங்க வேறக்கா! பழக்கதோஷத்துல நடவு அன்னைக்குக் குச்சியைச் சீவிட்டேன். காதுகிட்ட கொண்டுபோனப்பதான் தோடு தட்டுச்சு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அக்கா, தன் காதிலிருந்த வேப்பங்குச்சியை மெல்லத் திருகியபடி கேட்டாள்:

"உங்க குழு எந்தக் கிழமைடி கூடும்?"