பதிவாகிவிட்டது என்றது திரை

ஐயா, எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு வந்ததே நாற்பது தாண்டித்தான். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன். நீங்களும் மெதுவாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலையில் ஆள் இறங்கிச் சுரண்டும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. இறங்குகிறவன் வாசலில் இருக்கும் கம்ப்யூட்டரில் அட்டையைக் காட்ட வேண்டும். 'பதிவானது' என்று வரும். உள்ளே யாரும் இல்லை என்று திரை சொன்னால்தான் வால்வுக்காரர் கொதிக்கும் நீராவியைத் திறப்பார். எட்டிப் பார்க்கும் வழக்கம் கிடையாது. "திரை இருக்கும்போது தலை எதுக்குய்யா?" என்பார் சூப்பர்வைசர்.

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஒருநாள் அவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"சார், இந்த டிஸ்க் எழுதுறதுக்கு முந்தியே எழுதிட்டேன்னு சொல்லிரும். நெனப்புல வெச்சிருந்து அப்புறமாத்தான் எழுதும். நடுவுல கரண்ட் போனா கடைசிப் பதிவு காலி. ரைட் கேஷ்னு ஒண்ணு இருக்கு, அத நிறுத்திருங்க. இல்லன்னா பேட்டரியாவது வைங்க."

"நிறுத்தினா?"

"கொஞ்சம் மெதுவாகும்."

"அப்ப வேணாம். வரிசைல நிக்கிறவனுக்குத் தல நரைச்சிரும்."

என் தம்பிக்கு நரைக்கவில்லை. அட்டையைக் காட்டினான், இறங்கினான். கரண்ட் போய் வந்தது. திரை யாருமில்லை என்றது. வால்வு திறந்தது.

"மெஷின் பொய் சொல்லாது. அவன் பதியவே இல்ல" என்றார் சூப்பர்வைசர் விசாரணையில். பதிந்ததைப் பார்த்தேன் என்றேன். "என்ன எழுத்து வந்துச்சு, படிச்சியா?" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான்.

தம்பி மனைவியிடம் எழுத்துக் கற்றுக்கொண்டேன். முதலில் என் பெயரை எழுத வைக்கப் பார்த்தாள். "அது கெடக்கட்டும்மா, 'பதிவானது' எப்படி எழுதுறது?" என்றேன். "அது எதுக்கு மாமா?" என்றாள். பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

போன வாரம் தொட்டிக்குள் ஒரு விரிசலைப் பார்க்கச் சூப்பர்வைசரே வந்தார். கூடவே வெல்டரும் வந்தார். என் தம்பியைத் தூக்கியபோது முன்னால் தோள் கொடுத்த மனுஷர். அவரை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக ஆரம்பித்த வேலையை நிறுத்த முடியுமா? இருவரும் அட்டையைக் காட்டினார்கள். 'பதிவானது' என்று இரண்டு முறை வந்தது. கூட்டாமலே படித்தேன். படித்த கையோடு மெயின் சுவிட்சை இறக்கினேன். மோட்டாருக்குக் கிரீஸ் வைக்கிறவன் நான். அந்தச் சுவிட்ச் என் பக்கத்துச் சுவரில்தான் இருக்கிறது.

"என்னய்யா, பதிவாச்சில்ல?" என்று அவர் கேட்டார்.

"ஆச்சுங்க சார். நானே படிச்சேன்."

"அட, படிக்கக்கூடக் கத்துக்கிட்டியா" என்று மெச்சிவிட்டு, டார்ச்சைப் போட்டுக்கொண்டு இறங்கினார். வெல்டர் அவர் பின்னால் இறங்கினார்.

சுவிட்சை ஏற்றினேன். திரை கண்ணைத் திறந்தது. ஆவி விட வால்வுக்காரர் வந்தார்.

"உள்ள யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"எனக்கென்னப்பா தெரியும், திரையப் பாரு."

பார்த்தார். திறந்தார்.

தட்டும் சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. கையெல்லாம் கிரீஸ், ஐயா, வால்வைப் பிடித்தால் வழுக்கும்.

சூப்பர்வைசரைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போடுகிறேன், இப்போதெல்லாம் நன்றாகவே வரும். வெல்டரை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அவர் இறங்கியதற்குப் பதிவே இல்லை. மெஷின் பொய் சொல்லாது.