ஓடிக்கொண்டிருக்கும் பஸ்

திருப்பூருக்கு வெளியே சாலை பிரியும் ஒரு நிறுத்தத்தில், பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்றிருந்தார்கள். இளையவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அக்கா, நம்ம சாயங்கால பஸ்ஸு ஓடிட்டுத்தான் இருக்குதாமுங்க."

"எது கண்ணு? மழைக்காலத்துல நிறுத்திப்போட்டாங்களே, அதா?"

"அதேதானுங்க. ஏன் நிறுத்துனீங்கன்னு நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில கேட்டிருக்கறாரு. தடையில்லாம ஓடுதுன்னு மந்திரி பதில் சொல்லிட்டாரு."

"அதுக்கு நம்மாளு என்ன சொன்னாரு?"

"நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாருங்க."



"இருட்டுல அந்த ரோட்டுல நடந்து வரப் பயந்துட்டு, எம் புள்ள வேலைய விட்டுட்டு ஊட்டுல உக்காந்திருக்கறா. இவரு நன்றி சொல்றாரா?"

மூத்தவள் இளையவளிடம் நம்பர் கேட்டு வாங்கி, எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே போன் செய்தாள். என்ன வேண்டும் என்று அங்கே யாரோ கேட்டிருக்க வேண்டும். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"வேறொண்ணுமில்லீங்க. அய்யா நன்றி சொன்ன பஸ்ஸு எந்த ரோட்டுல ஓடுதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நாங்க அங்கயே வந்து ஏறிக்கறோம்."