பெத்தவருக்கும் அட்டை வேணும்

கோவப்படாதீக சார். கோவப்பட்டாலும் கேட்டத் தெறக்க மாட்டேன், வீணா உங்க தொண்டத் தண்ணிதேன் வத்தும். இந்தா, இந்த ஸ்டூல வாங்கி அந்த வேப்பமரத்து நெழல்ல போட்டு உக்காருங்க. நீங்க ஸ்ரீஜாவோட அப்பா இல்லன்னு நான் எப்பச் சொன்னேன்? மூக்கப் பாத்தாலே தெரியுதே, அச்சு அசலு அவ மூக்கு. ஆனா மூக்கப் பாத்துட்டுப் பிள்ளைய அனுப்ப முடியாதுல்ல. பிள்ளையக் கூப்பிட ஸ்கூல்ல குடுத்த அட்டை வேணும்.

போன்ல போட்டோ இருக்கா? காட்டுங்க. ஆத்தி, கேக்கு வெட்டுறா. நல்லாருக்கு சார், நல்லாருக்கு. ஆனா அதும் செல்லாது.

அட்டை உங்க வீட்டம்மா கைப்பையில போயிருச்சு, அவுக பிள்ளைய ஸ்கூல்ல விடச் சொல்லிப் பக்கத்து வீட்ல ஒப்படைச்சுட்டு விடியறதுக்குள்ள கேதம்னு கெளம்பிப் போயிட்டாக, சேதி கேட்டு நீங்க கோயமுத்தூர்லருந்து நேரா இங்க வந்து எறங்கியிருக்கீக. எல்லாம் வெளங்குது சார். உங்கமேல ஒரு குத்தமும் இல்ல. பெரிய டீச்சர் ஆபீஸ் ரூம்ல விடாமப் போன் போட்டுக்கிட்டுத்தேன் இருக்காக. கேதவீட்ல போனு எங்குட்டுக் கெடக்கோ, அழுக சத்தத்துல யாருக்குக் கேக்கும்? எடுப்பாக. எடுக்கணும்.

மாமனாருதான? எத்தன வயசு? அறுபத்தெட்டா? அது ஒரு வயசா சார். பேத்தி மேல ரொம்பப் பிரியமா இருப்பாராக்கும். ஆமா, போன மாசம் விட வந்தப்பப் பாத்திருக்கேன், வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பையத் தான் தூக்கிக்கிட்டு வந்தாரு. அவரா? அடப்பாவமே. நல்ல மனுசன். திருவாதவூரு இங்கருந்து அரமணி நேரந்தான, சாயங்காலந்தான எடுப்பாக. போயிரலாம், பதறாதீக.

பெத்த அப்பனுக்கே அட்டையான்னு நீங்க மட்டுமா கேக்குறீக. வாரவுக எல்லாம் அதத்தேன் கேக்குறாக. ஒருத்தரு, இதென்ன ஸ்கூலா செயிலான்னு சத்தம் போட்டுட்டு மறுநாளே டீசிய வாங்கிட்டுப் போயிட்டாரு. வாங்கட்டும். எங்க பாஸ்டர் ஐயாவையே நான் நிப்பாட்டியிருக்கேன், தெரியுமா? அவரு மக வயித்துப் பேரன் இங்க ரெண்டாப்பு படிச்சான். ஒருநா கூட்டிட்டுப் போக வந்தவரு அட்டைய மறந்துட்டாரு. அவரு ஆரம்பிச்ச ஸ்கூலு, அவரு வச்ச கேட்டு, அவரு வேலைக்கு வச்ச ஆளு நானு. மழ வேற பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. ஐயா, அட்டன்னேன். கொடையப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி நடந்து போயி, எடுத்துட்டு வந்து நீட்டுனாரு. உள்ள வந்தப்பறம் என் தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனாரு. நான் வேதக்காரி இல்ல சார், எனக்குக் குலசாமி எங்க ஊருல இருக்கு. இருந்தாலும் அன்னைக்கு ஒரு ஆறுதலா இருந்துச்சு.

சின்ன ஸ்கூலு சார் இது. பாஸ்டர் ஐயா வீட்டு வாசல்ல பதினோரு பிள்ளைகள வச்சு ஆரம்பிச்சாக. இப்பத்தேன் நூத்திநாப்பது. அம்புட்டுப் பேரு பேரும் எனக்கு மனப்பாடம். எது சோத்த மிச்சம் வைக்கும், எது மூக்க உறிஞ்சும், எல்லாந் தெரியும். உங்க பொண்ணுக்கு எடதுகால் ஷூ நாடா நிக்காது. தெனமும் ரெண்டு தடவ நாந்தேன் கட்டிவிடுறேன்.

அட்டையோட முடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிறாதீக. இன்னொண்ணு இருக்கு, சொன்னா இன்னுங்கொஞ்சம் கோவம் வரும். உங்க வீட்டம்மா சரின்னு சொன்னாலும், டீச்சர் ஸ்ரீஜாவத் தனியாக் கூப்ட்டுக் கேப்பாக. யாரு வந்திருக்கா, அவுக கூடப் போக உனக்கு இஷ்டந்தானான்னு. நீங்க பக்கத்துல நிக்கக்கூடாது. நானும் நிக்கக்கூடாது. பிள்ள இல்லன்னு தலையாட்டுச்சுன்னா அம்புட்டுத்தேன், அம்மா நேருல வர்ற வரைக்கும் எங்க கூடத்தேன் இருக்கும்.

ஆமா, ஏழு வயசுப் பிள்ளதேன். ஏழு வயசுப் பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்குறதுன்னுதேன் அன்னைக்கும் ஒருத்தரும் கேக்கல.

அதா? சொல்றேன். போனு எடுக்குற வரைக்கும் இருக்கவேண்டியதுதான. வர்ற ஐப்பசிக்கு ஒம்பது வருசம். அப்ப இந்த அட்டையெல்லாம் கெடையாது. கேட்டுல ஒரு ஆயா இருந்துச்சு. வந்த ஆளத் தெரியுமா, தெரியும்னா விடுறது, அம்புட்டுத்தேன் சட்டம். ஒண்ணாப்புல ஒரு பொம்பளப்பிள்ள. ஒல்லியா, ரெண்டு கண்ணும் முழியுமா இருக்கும். பீட்ரூட்டுன்னா ஆகாது, டப்பாவுல வச்சு விட்டா ஆயா கையிலதேன் கொண்டாந்து கொடுக்கும். அன்னைக்குக் காலையில வெள்ள ரிப்பன் ஒண்ணு காணாமப் போயி, ஒரு பக்கம் வெள்ள, ஒரு பக்கம் நீலம்னு கட்டிக்கிட்டு வந்து ஒரே அழுக. பிரேயர்ல டீச்சர் வையுவாகன்னு பயம். அப்பறம் ஆயாதேன் ஒரு துணியக் கிழிச்சுக் கட்டிவிட்டுச்சு.

கேட்டுல நிக்கிறவளுக்கு இதெல்லாம் தெரியாதா சார்? தெரியும்.

அந்தப் பிள்ளையோட ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் ஆகல. வீட்ல தெனமும் சண்ட. கைநீட்டுற ஆளு அவன். குடிச்சா மட்டுமில்ல, குடிக்காட்டியும். அந்த ஆத்தாக்காரி, வேலைக்குப் போற பொம்பளதேன், இனிமே உங்கூட இருக்க முடியாதுன்னு சொல்லிருச்சு. மகளக் கூட்டிக்கிட்டு எழுமலையில தாய் வீட்டுக்குப் போயிர்றதுன்னு முடிவு. அர வருசப் பரீச்ச முடியட்டும்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. இதெல்லாம் ஆயாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் புருசம்பொண்டாட்டிச் சண்ட, சோத்தத் தின்னாச் சரியாப் போயிரும்னு நெனச்சுச்சு. எல்லாரும் அப்பிடித்தான நெனப்பாக.

பதினோரு மணி இருக்கும். பைக்குல வந்தான். சட்டையெல்லாம் நல்லாப் போட்டு, தலசீவி, தெளிவா இருந்தான். வாட வரல, அதையும் கவனிச்சுச்சு ஆயா. எழுமலையில கேதம், மாமனாரு தவறிட்டாரு, பொண்டாட்டி வேல பாக்குற எடத்துலருந்து அப்பிடியே பஸ்ஸேறிட்டா, பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னா அப்பிடின்னான்.

இப்ப நீங்க சொன்னதேதேன் சார். உங்களச் சொல்லல. நீங்க தப்பா எடுத்துக்கிறாதீக.

கேதம்னு ஒருத்தன் வந்து நின்னா நம்ம ஊருல என்ன செய்வோம்? யாரு, எப்ப எடுக்குறாகன்னு கேப்போம். நெசமான்னு கேப்பமா? கேதவீட்டுக்குப் போறவன நிப்பாட்டி வச்சு ஒரு கேள்வி கேட்டாலே பாவம்னு வளந்தவுகதான நாம. கேதத்துலயா ஒருத்தன் பொய் சொல்லுவான்? அதும் மாமனாரு உசுரோட இருக்கையில? ஆயா ஓடிப்போயி பெரிய டீச்சர்ட்ட சொல்லுச்சு. டீச்சர் வகுப்பு எடுத்துக்கிட்டு இருந்தாக. ஆளத் தெரியுமான்னு அவுக கேட்டாக. கேட்டாக சார், அதச் சொல்லணும்ல. தெரியும் டீச்சர், நல்லாத் தெரிஞ்சவுகதேன்னு சொல்லுச்சு ஆயா. அப்ப அனுப்புன்னுட்டாக. சாப்பாட்டு டப்பாவக்கூடத் தொறக்கல அந்தப் பிள்ள.

இருங்க, டீச்சர் கூப்பிடுறாக. வாரேன் டீச்சர்! என்னது? மணியடிக்குதா? எடுக்கலையா? அவுக தம்பி நம்பரா? இந்தா, கேட்டுச் சொல்றேன். சார், உங்க மச்சினன் நம்பர் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. ஆங். டீச்சர், ஷ்யாமுன்னு போட்டு எழுதிக்கிருங்க.

அதுல கெடச்சிருவாக. ஆம்பளைக கேதவீட்டு வாசல்லதான நிப்பாக.

அப்பறம் என்ன ஆச்சா? மூணரைக்கு ஸ்கூலு விட்டுச்சு. மூணே முக்காலுக்கு அந்தப் பிள்ளையோட அம்மா வந்து நிக்கிது. வேல முடிஞ்சு எப்பவும் போல, மகளக் கூப்பிட. கையில ஒரு ரிப்பன் சுருளு, வெள்ள. ஆயா பாத்துட்டு, என்ன இங்க நிக்கிற, எழுமலைக்குப் போகலையா, அப்பா கேதம்னாகளேன்னு கேட்டுச்சு. அந்த ஆத்தாக்காரி மொகம் சார். அந்த மொகத்த நான்... அதெல்லாம் வாயால சொல்றதுக்கு இல்ல. எங்கப்பா வீட்ல இருக்காரே, மத்தியானங்கூடப் பேசுனேனேன்னுச்சு. அப்பறந்தேன் ரெண்டு பேருக்கும் வெளங்குச்சு. எம்மக எங்கன்னு கேட்டுச்சு. ஒரே ஒரு தடவதேன் கேட்டுச்சு.

எழுமலைக்குப் போற வழியில ஒரு தோட்டத்துக் கெணறு. மேட்டுல பைக்கு நின்னுச்சு, அதுல பிள்ளையோட பை தொங்குச்சு. தண்ணி பாய்ச்ச வந்தவுக பாத்துட்டுச் சொல்லி விட்டாக. ரெண்டு பேரையும் எடுத்தாக. ரெண்டு உசுரும் இல்ல.

அழுகாதீக சார். நீங்க இன்னைக்கு அழுகவேண்டிய அழுக வேற இருக்கு.

போலீசு வந்துச்சு, பேப்பர்க்காரவுக வந்தாக. பெரிய டீச்சர், அனுப்பச் சொன்னது நானு, என்னையக் கேளுங்கன்னு முன்னாடி நின்னாக. ஆயாமேல ஒரு சொல்லு விழ விடல. ஆனா ராத்திரி பகலா உக்காந்து எழுதுனது இந்தச் சட்டந்தேன். அட்டை, கையெழுத்து, பிள்ளையத் தனியாக் கேக்குறது. அப்பா வந்தாலும் சரி, ஆத்தா வந்தாலும் சரி, பாஸ்டர் வந்தாலும் சரி.

அந்த ஆயாவா? வேலய விட்டுத் தூக்கல. அது வரமாட்டேன்னுதேன் சொல்லுச்சு. வீட்டக் காலி பண்ணிட்டு எங்குட்டாவது போயிருவோம்னு இருந்துச்சு. பதினாறு கழிஞ்ச மறுநா, டீச்சர் அது வீட்டுக்கே வந்து தரையில உக்காந்தாக. வேற ஆளப் போட்டா நாலு மாசம் பாப்பாக, அப்பறம் தெரிஞ்ச மொகம்னு விட்டுருவாக. நீ விடமாட்ட. நீ வந்து கேட்டுல நில்லுன்னாக. அந்தம்மா சொல்றது தண்டனையா ஆறுதலான்னு அதுக்குப் புரியல. திங்கக்கெழம வந்து நின்னுருச்சு.

கெடச்சிருச்சா டீச்சர்? அப்பாடா. பேசிட்டாகளா? சரி, நீங்க பிள்ளையக் கேளுங்க, நான் இங்க நிக்கிறேன். சார், உங்க வீட்டம்மா லைன்ல வந்துட்டாக. கண்ணத் தொடச்சுக்கிருங்க. ரெண்டு நிமிசம். இந்தா, இந்த நோட்டுல ஒரு கையெழுத்துப் போடுங்க. நேரத்தையும் எழுதுங்க. பதினொண்ணு இருவது.

என்ன சார் கேக்குறீக? ஆமா, நாந்தேன். வேற யாரு. பதினேழு வருசமா இந்தக் கேட்டுல வேற ஆயா இருந்ததே இல்ல. என்னமோ, நானுன்னு சொல்லிச் சொன்னா நடுவுல நின்னுபோகுது, முழுசாச் சொல்ல வர மாட்டேங்குது. அதேன் ஆயா, ஆயான்னுட்டேன்.

தெரிஞ்ச ஆளுன்னா எப்பிடித் தெரியுமா? அவன நாந்தேன் இடுப்புல வச்சு வளத்தேன் சார். செல்வக்குமாரு, என் கூடப்பொறந்த தம்பி. அந்தப் பிள்ள அவன் மக, எனக்கு மருமக மொற. நாந்தேன் டீச்சர்ட்டச் சொல்லி இங்க சேத்து விட்டேன், எங்கண்ணு முன்னாடி இருக்கட்டும்னு.

அவ ஆத்தா இன்னைய வரைக்கும் எங்கிட்டப் பேசுறது இல்ல. பேச வேணாம். பிள்ள அவங்கூட ஒத்தையில போகாது, பயம்னு எனக்கும் தெரியும்ல. அன்னைக்கு வகுப்புலருந்து கூட்டிட்டு வந்தப்ப அது அப்பனப் பாக்கவே இல்ல சார். என் சேலையப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து என்னையத்தேன் பாத்துச்சு. போகவா அத்தேன்னுச்சு. தாத்தாவுக்கு முடியலடா, அழுகக்கூடாதுன்னு சொல்லி, நாந்தேன் தூக்கி வண்டியில உக்கார வச்சேன். போயிட்டு வா தாயின்னு சொன்னேன்.

இந்தா வருது ஸ்ரீஜா. தலைய ஆட்டிட்டா போல, டீச்சர் கையக் காட்டுறாக. கொஞ்சம் நில்லுங்க சார், பிள்ளைக்கு ஷூ நாடா அவுந்திருக்கு.