ரெட்டை வட்டம்

இரவு ஒன்றேகால் மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் நீளச் சுவர், இன்னொரு பக்கம் முள்கம்பி வேலி. மூன்று கம்பத்துக்கு ஒரு விளக்கு, அதுவும் எரிந்தால் அதிர்ஷ்டம். அந்தச் சாலையில் என் நண்பன் ஒட்டடைக்குச்சி பைக்கில் வந்துகொண்டிருந்தான்... இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு, தனியாக.

ஆள் நெட்டை, ஒல்லி. அதனால் அந்தப் பெயர். பொய் சொல்லத் தெரியாதவன், சொன்னால் காது சிவந்துவிடும். இதை அவன் சொல்லி முடிக்கும்வரை நான் அவன் காதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை.

பழைய டேங்க் ஒன்றை வெட்டி, இறைச்சி வாட்டுகிற அடுப்பு செய்யப் போவதாகச் சாப்பிடும்போது சொன்னாயே மாப்பிள்ளை, அதனால்தான் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். இந்தக் காற்றில் என்னால் கத்த முடியாது.

சாலை வளைவில் ஒட்டடைக்குச்சியின் அண்ணனுடைய பட்டறை. அண்ணன் வெல்டர். அண்ணி போய் எட்டு மாதம் ஆகியிருந்தது, அன்றிலிருந்து பட்டறை பூட்டியே கிடந்தது. ஆனால் அந்த இரவு ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. உள்ளேயிருந்து புகை. ஈர மரத்தூள் கருகுகிற வாசனை. பைக்கை நிறுத்தினான். எஞ்சின் அடங்கியதும் ஒரு சத்தம்... கர்ர்ர்க். நின்றது. மறுபடி... கர்ர்ர்க். இரும்பின் மேல் சாக்பீஸ் இழுபடுகிற சத்தம்.

பயப்படுவதற்கு முன்னால் அண்ணியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணிக்கு ஒரே ஆசைதான். யாரோ பழைய டேங்கில் அடுப்பு செய்து, தீயே படாமல், வெறும் புகையில் பத்து மணி நேரம் இறைச்சியை வேகவைப்பதை ஃபோனில் பார்த்துவிட்டார். "நீங்க செஞ்சு குடுங்க, தெருமுனையில நான் கடை போடறேன்" என்று அண்ணனைப் பிடுங்கி எடுத்துவிட்டார். பழைய இரும்புக் கடைக்கு அவரேதான் போனார். கிடந்த டேங்குகளையெல்லாம் விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். பஞ்சர் கடையில் கழற்றிப் போட்ட காற்று டேங்க் ஒன்று, டங்ங்ங் என்று நீளமாகச் சத்தம் கொடுத்தது. "இதை எடுங்க. மத்ததெல்லாம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி பேசுது" என்றார்.

மாப்பிள்ளை, இதை மட்டும் கவனி. பழைய டேங்கை அப்படியே வெட்டக் கூடாது. உள்ளே எண்ணெய் ஆவி மிச்சமிருந்தால் பொறி பட்டதும் வெடிக்கும். முதலில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அப்புறம் கதவு வெட்டி, கீல் வைத்து, பக்கத்தில் விறகுப் பெட்டி, மேலே புகைபோக்கி. எல்லாம் ஆனதும் உள்ளே ஈர மரத்தூளைக் கொளுத்தி, சுற்றி மூடிவிட்டு, எங்கே புகை கசிகிறது என்று பார்ப்பார்கள். வெல்டிங்கில் விட்டுப்போன ஊசி ஓட்டையெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அண்ணனுக்கு இருபது வருஷம் வெல்டிங் வெளிச்சம் பார்த்த கண், புகை பட்டாலே நீராகக் கொட்டும். அதனால் அவர் செய்கிற எந்த டேங்காக இருந்தாலும் சாக்பீஸோடு சுற்றி வருவது அண்ணிதான். சின்ன ஓட்டைக்கு ஒரு வட்டம். பெரிய ஓட்டைக்கு ரெட்டை வட்டம். "குறி போடறது என் வேலை, அடைக்கறது உங்க வேலை. ரெண்டுல ஒண்ணு பாக்கி இருந்தாலும் நான் பட்டறையை விட்டு நகர மாட்டேன்" என்பார்.

இந்த டேங்குக்குக் கதவு வெட்டிய வாரம் அண்ணி படுத்துவிட்டார். கை நடுங்க ஆரம்பித்தது. தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஆறு மாதம்... அப்புறம் அவர் இல்லை. அதை நீட்டி முழக்க எனக்கு மனசு வரவில்லை.

ஒட்டடைக்குச்சி குனிந்து ஷட்டருக்குள் எட்டிப் பார்த்தான். அந்த டேங்க் முழு அடுப்பாக நின்றது. பகலில் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்துவிடுகிறார்கள் என்று, அண்ணன் இரவில் வந்து மிச்ச வேலையை முடித்திருக்கிறார். இப்போது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். சத்தம் டேங்கின் மறுபக்கத்திலிருந்து வந்தது... கர்ர்ர்க்.

"அண்ணே..."

அண்ணன் திரும்பவில்லை. "பேசாதேடா. குறி போட்டுக்கிட்டு இருக்கா."

சத்தம் நின்றது. இரண்டு பேரும் சுற்றிப் போய்ப் பார்த்தார்கள். ஆள் இல்லை. டேங்கில் பதினொரு வட்டம். ஒவ்வொன்றின் நடுவிலும் நூல் மாதிரி புகை வந்துகொண்டிருந்தது. கீழே ஒரு சாக்பீஸ் உருண்டு, சுவரில் முட்டி நின்றது. அண்ணன் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். துளி வெள்ளை இல்லை.

மறுநாள் பதினொன்றையும் அடைத்தார். இரவு மறுபடி புகை போட்டார். நான்கு வட்டம். அடைத்தார். அடுத்த இரவு ஒன்றே ஒன்று.

அதையும் அடைத்தால் டேங்க் முடிந்தது. அப்புறம் அண்ணி எதற்கு வருவார்?

அண்ணன் அதை அடைக்கவில்லை. டிரில்லை எடுத்தார்.

ஆமாம், தான் செய்த டேங்கில் தானே ஓட்டை போட்டார். பகலில் ஐந்து, ஆறு. இரவில் புகை, ஸ்டூல், கர்ர்ர்க். "இது டேங்கா, சல்லடையா?" என்று ஒட்டடைக்குச்சி திட்டினான். அண்ணன் சிரித்தாராம். எட்டு மாதத்தில் முதல் சிரிப்பு. "போனவ திரும்பி வர்றாடா. நான் என்ன செய்யட்டும்?" என்றார். இவனும் தினமும் துணைக்கு உட்கார ஆரம்பித்தான்.

இப்படி இரண்டு வாரம். ஒரு இரவு சத்தம் மாறியிருந்தது. கர்ர்... நின்றது. கர்... நின்றது. வெகுநேரம் கழித்து, கர்... போய்ப் பார்த்தார்கள். வட்டம் வட்டமாக இல்லை. கோடு நடுங்கி, கோணிக்கொண்டு போயிருந்தது. ஒன்று பாதியிலேயே நின்றிருந்தது. சாக்பீஸ் மூன்று துண்டாகக் கீழே கிடந்தது.

அந்த நடுக்கம் அண்ணனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையெழுத்துப் போட்டபோது அண்ணியின் எழுத்து அப்படித்தான் இருந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "படுத்துக் கிடக்கறவளை எழுப்பி எழுப்பி வேலை வாங்கியிருக்கேன்டா. பாவிடா நான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இதைச் சொல்லும்போது ஒட்டடைக்குச்சியும் அழுதான். நானும்தான், மறைப்பானேன்.

மறுநாள் காலையில் உட்கார்ந்தவர், இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. எழுபத்தெட்டு ஓட்டை. முதலில் விட்டுவைத்த அந்த ஒன்றையும் சேர்த்து, எல்லாவற்றையும் அடைத்துத் தேய்த்து வழவழவென்று ஆக்கினார். இரவு கடைசியாக ஒருமுறை புகை போட்டார். புதுச் சாக்பீஸ் ஒன்றை டேங்க் மேல் வைத்தார். "எல்லாம் அடைச்சாச்சும்மா. ஒரே ஒரு தடவை பாத்துட்டு, போய் நிம்மதியாப் படுத்துக்கோ" என்றார்.

காத்திருந்தார்கள். ஓர் இழை புகைகூட வெளியே வரவில்லை. சாக்பீஸ் அசையவில்லை. ஒன்றேகால் ஆனது... இரண்டு ஆனது. அண்ணன் ஸ்டூலிலேயே தூங்கிப்போனார். தூக்கத்தில் ஒரே ஒருமுறை, யாரோ கிச்சுகிச்சு மூட்டிய மாதிரி உடம்பைக் குறுக்கினார். தான் கண்ணை மூடவே இல்லை என்று ஒட்டடைக்குச்சி சத்தியம் செய்கிறான். எந்தச் சத்தமும் கேட்கவில்லையாம்.

விடிந்ததும் டேங்கை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தான். ஒரு குறிகூட இல்லை. சாக்பீஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. நுனி மட்டும் தேய்ந்திருந்தது.

அண்ணன் குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றினார். இடது பக்க மார்பில்... வெள்ளையாக... ரெட்டை வட்டம். நடுக்கமே இல்லாத, சுத்தமான வட்டம். சட்டையில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

ஒட்டடைக்குச்சி துண்டை நனைத்துக்கொண்டு துடைக்கப் போனான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் பயமே இல்லையாம். ஒரு வேலைக்கு முன்னால் அளவு பார்ப்பாரே, அந்தப் பார்வையாம்.

"அவ வேலையை முடிச்சிட்டா" என்றார். "என் வேலைதான் பாக்கி."

ஒட்டடைக்குச்சி அன்றைக்கே வெல்டிங் மெஷினை ஒயரோடு பைக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். இரண்டு வருஷமாக அது அவன் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். டீ குடிப்பார், பிள்ளைகளோடு விளையாடுவார். சட்டையின் மேல் பட்டன் போட்டிருக்க மாட்டார், அந்த வெள்ளை எட்டிப் பார்க்கும். இன்னும் அழியவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, கடன் கேட்கிறவர் மாதிரி கூச்சத்தோடு கேட்பாராம்.

"மெஷினைக் குடுடா. ஒரே ஒரு ஓட்டைதான். பாவம், அவ அங்கேயே நின்னுக்கிட்டு இருக்கா."