பெரிய மெழுகுவர்த்தி

புயல் எச்சரிக்கை வந்திருந்த மதியம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“இந்தத் தடவ பெரிய மெழுவர்த்தி வாங்கலக்கா,” என்றாள் இளையவள். அவள் மடியில் கேக்குப் பெட்டி.

“மழைன்னு டிவியில சொன்னாலே பொட்டியா வாங்கி அடுக்குவியே?” என்றாள் மூத்தவள்.

“அன்னிக்கிப் புயல்ல கரன்ட் இல்லாம இருட்டுல கெடந்தோமில்ல, அதுலேர்ந்து வானம் கறுத்தாலே கை தானா அதுக்குப் போவுது. இன்னிக்கும் கடையில மெழுவர்த்தின்னுதான் கேட்டேன். கடக்காரரு எங்கையில கேக்குப் பொட்டியப் பாத்துட்டு, கேக்கு மேல வைக்கிற சின்னத நீட்டுனாரு. எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. தங்கச்சி மவளுக்கு மொதப் பொறந்தநாளுன்னு கெளம்பிட்டு, புயல நெனச்சிக்கிட்டு நிக்கிறேன். அதையே வாங்கிட்டேன்.”

“சாயங்காலம் கரன்ட் போச்சின்னா?”

“போவட்டும்க்கா. அந்த வெளிச்சத்துல புள்ள மூஞ்சி இன்னும் நல்லாத் தெரியும்.”