பூதப்பாண்டி வைத்தியச்சியின் பெட்டி

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு பழக்கடை இருக்கிறது. மதியச் சாப்பாடு ஆனதும் இறங்கிப்போய் ஒரு மட்டி வாழைப்பழம் தின்றுவிட்டு வருவேன். ஆறு வருடமாக அதுதான் வழக்கம். பழம் கெட்டுப்போயிருந்தது என்று யாராவது கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றால் அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு சரிப்படாது. குலை என்றால் ஒன்றிரண்டு அழுகத்தான் செய்யும். அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததை உரிக்கத் தெரியாதவர்கள் இந்த உலகத்தில் நிறையப் பேர்.

நீங்கள் தலைமை அலுவலகத்தின் சட்டப் பிரிவிலிருந்து வந்திருக்கிறீர்கள். நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். என் பெயர் ஜான்ரோஸ். வயது ஐம்பத்து மூன்று. எங்கள் ஊர்த் திருச்சபையில் நான் செயலாளர். 'அரவக்கோட்டை' என்ற இணைய விளையாட்டைப் பற்றித் தமிழிலும் மலையாளத்திலும் வருகிற புகார்களைப் படித்துப் பதில் அனுப்புவது என் வேலை. என்னோடு பெமிலா என்ற பெண் வேலை பார்க்கிறாள். உங்களுக்குத் தகவல் அனுப்பியது அவள்தான் என்பது எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

உங்களைப் பார்த்தால் விளையாடுகிறவர் போலத் தெரியவில்லை. நானும் ஆடியதில்லை. கைபேசிக்குள் ஒரு கோட்டை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குள் இருப்பார்கள். வாள்வீரன், வில்லாளி, வைத்தியர் என்று ஆளுக்கொரு வேடம். கூட்டமாக மலையேறி மிருகங்களை வீழ்த்தினால் பரிசு கிடைக்கும். பரிசு சேரச் சேரப் பலம் கூடும். அடிபட்டு விழுந்தவர்களை எழுப்புவது வைத்தியரின் வேலை. இவ்வளவுதான் விஷயம். இதற்காக வளர்ந்த மனிதர்கள் அழுகிறார்கள்.

சவூதியில் தம்மாமிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு அறைக்கு வந்தால் ஒரு பாம்பு மூன்றே கொத்தில் தன்னைக் கொன்றுவிடுகிறது, இது நியாயமா என்று. குலசேகரத்து ஆசிரியர் ஒருவர் தன் வாளைவிட மைத்துனனின் வாள் நீளம் என்று நான்கு பக்கம் எழுதினார். அவர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். "தங்கள் கருத்துக்கு நன்றி. இது விளையாட்டின் வடிவமைப்பு சார்ந்த முடிவு." ஒரு நாளில் இருநூறு முறை அதை அனுப்புவேன்.

ஆறு வருடத்தில் நான் கண்டுகொண்டது இது. நியாயம் கேட்கிற எவருக்கும் நியாயம் வேண்டாம். தனக்குக் கிடைக்காதது அடுத்தவனுக்குக் கிடைத்துவிட்டதே என்பதுதான் வலி. அது தன் கைக்கு வந்துவிட்டால் மறுநாளே அந்த விதியைப் புகழ்ந்து எழுதுவார்கள். போன தை மாதம் வரை நான் இதற்கு விதிவிலக்கைப் பார்த்ததில்லை.

அந்த மாதம் ஒரு விதி மாறியது. முன்பெல்லாம் மிருகம் விழுந்தால் கூட்டத்தில் எல்லோருக்கும் பரிசு. இனிமேல் அடித்தவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். விழுந்தவர்களை எழுப்பிய வைத்தியருக்கு ஒன்றும் கிடையாது. அந்த விதி அநியாயமானதுதான், நான் மறைக்கவில்லை. வைத்தியர்கள் பலம் குன்றிப்போய், அந்தப் பலத்தைக் காசு கொடுத்து வாங்கட்டும் என்பதற்காகச் செய்தது. புகார்கள் மழைபோலக் கொட்டின. பிறகு வைத்தியர்கள் ஒவ்வொருவராக வேடத்தைக் கலைத்துவிட்டு வாளைத் தூக்கினார்கள். அதோடு அவர்களுடைய நியாயமும் அடங்கிப்போனது.

ஒருத்தி மட்டும் வேடம் மாற்றவில்லை. விளையாட்டில் அவள் வைத்திருந்த பெயர் 'பூதப்பாண்டி வைத்தியச்சி'. உண்மையான பெயர் ஷைஜா. வயது இருபத்தொன்பது. வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுவாள். புதிதாக வருகிறவர்கள் முதல் மலையிலேயே விழுந்துவிடுகிறார்கள், எழுப்ப ஆள் இல்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருப்பாள். தன்னைப் பற்றி ஒரு வரி இருக்காது. நானும் எல்லோருக்கும் அனுப்புகிற பதிலையே அனுப்புவேன். அந்தப் பதிலுக்கு அவள் நன்றி எழுதுவாள். ஒருமுறை நன்றி தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தாள். பதினோரு வருடமாகப் படுக்கையில் இருக்கிறாளாம். வலது கையில் இரண்டு விரல்தான் அசையுமாம். அதனால் எழுத நேரமாகிறதாம்.

அதுவரை என் பதிலுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

கடிதங்களால் பயன் இல்லை என்றதும் அவள் வேறொன்று செய்தாள். எங்கள் சபைகளில் பெண்கள் உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள். இல்லாதவர்களுக்கும் ஊழியத்துக்கும் அது போகும். பிடியரிசி என்பார்கள். என் மனைவி இன்றைக்குக் காலையிலும் போட்டாள். ஷைஜா அதைக் கோட்டைக்குள் கொண்டுபோனாள். மலையேறி இறங்குகிறவர்கள் தங்கள் பரிசிலிருந்து ஒரு குப்பி மருந்தை அவளுடைய பெட்டியில் போட வேண்டும். சனிக்கிழமை காலையில் அவள் கோட்டை வாசலில் நின்று புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் கொடுப்பாள். பெட்டிக்கு அவள் வைத்த பெயரும் பிடியரிசிதான்.

போட்டார்கள். அதுதான் வேடிக்கை. மைத்துனனின் வாளை அளந்துகொண்டிருந்த ஆசிரியர் தினம் இரண்டு குப்பி போட்டார். எழுதுவதை நிறுத்திவிட்டார். தம்மாம்காரர் அதற்குள்ளேயே உட்கார்ந்து அரட்டையடிக்க ஆரம்பித்தார். அவர்கள் பேசிக்கொள்வது எங்கள் திரையில் தெரியும்.

"ஏலே, வைத்தியச்சிக்குப் பிடி போட்டியா? போடாம எறங்குனா காலு வெளங்காது பாத்துக்க."

அதற்கு அவள் எழுதினாள். "எனக்க காலு முன்னமே வெளங்காது அண்ணா. நீங்க பாத்து எறங்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உண்மையைத்தான் சொன்னாள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

சித்திரை மாதத்தில் எங்களுக்கு வருகிற புகார்கள் பாதியாகக் குறைந்தன. பெமிலா சந்தோஷப்பட்டாள். என்னால் முடியவில்லை. தனக்காகக் கேட்காத மனிதர் என்று யாரும் இல்லை. கேட்கும்படியான நேரம் சிலருக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் வந்தால் இவளும் மற்றவர்களைப் போலத்தான் எழுதுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது.

ஆனி மாதம் அதற்கு வழி பிறந்தது. பல பேர் ஒரே ஆளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டிருந்தால் கணினி அதைத் திருட்டு என்று சந்தேகிக்கும். விளையாட்டுப் பொருட்களைச் சேர்த்து வெளியே விற்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கணினி ஷைஜாவின் பெயரைச் சிவப்பில் காட்டியது. இப்படி வந்தால் நாங்கள் பார்த்து, 'உள்ளூர் விளக்கம்' என்ற இடத்தில் ஏதாவது இருந்தால் எழுதி மேலே அனுப்ப வேண்டும்.

பெமிலா எட்டிப் பார்த்தாள். "சார், இது பிடியரிசில்லா."

"தெரியும்."

"அப்போ அப்படியே எழுதிருங்க சார். மேல இருக்கவங்களுக்கு இது எங்க தெரியப் போவுது?"

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதான் மக்கா."

"ஒரு வரி எழுதுனா போதும்லா சார். எங்க அம்மையும்தான் போடுகா. அதுக்காவ அவ கள்ளியா?"

"நீ போய் உனக்க வேலையப் பாரு."

உள்ளூர் விளக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். ஒரு மணி நேரத்தில் அவளுடைய கணக்கைப் பூட்டினார்கள்.

மறுநாள் கடிதம் வந்தது. நான் காபியை ஓரமாக வைத்துவிட்டுப் படித்தேன். "தவறு நடந்திருந்தால் மன்னிக்க வேண்டும். பெட்டியில் இருப்பதை மட்டும் யாரிடமாவது கொடுத்துவிட முடியுமா. சனிக்கிழமை வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்." அவ்வளவுதான் இருந்தது. மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தேன். புகார் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

முகம் தெரியாத ஒரு நிறுவனம் தண்டித்தால் சிலர் பொறுத்துக்கொள்வார்கள். பெருமையாகக்கூட இருக்கும். ஆனால் தன் கையிலிருந்து வாங்கித் தின்றவர்களே காட்டிக்கொடுத்தார்கள் என்றால் யாரும் பொறுக்க மாட்டார்கள். அதனால் அவளுக்கு இப்படி எழுதினேன். "உங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே உங்கள் மீது புகார் அளித்துள்ளனர். அவர்களின் பெயர்களை வெளியிட இயலாது."

அப்படி யாரும் புகார் அளிக்கவில்லை. இதை நீங்கள் கோப்பிலிருந்து கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அறுபத்தொரு பேர் அவள் எங்கே என்று கேட்டுத்தான் எழுதினார்கள். தம்மாம்காரர் ஐந்து முறை எழுதினார். "எனக்க தங்கச்சிக்கு என்னாச்சு சார்" என்று. அவர் அவளைப் பார்த்ததுகூட இல்லை, அதற்குள் தங்கச்சி. எல்லோருக்கும் ஒரே பதில் அனுப்பினேன். "அவர் தன் விருப்பத்தின்பேரில் விலகிவிட்டார். யாரும் தம்மைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுள்ளார்." நாகரிகமான பதில் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

கணக்கைப் பூட்டிய பன்னிரண்டாம் நாள் ஷைஜாவின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். லீலாபாய் என்று பெயர். பூதப்பாண்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார்.

"முந்திரிக்கொத்து சார். அவதான் சாருக்குக் கொண்டு குடுன்னா."

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"அவ சண்டைக்கு வரல்ல சார். கூட இருந்தவங்க எதுக்குப் பராதி குடுத்தாங்கன்னு மட்டும் தெரியணுமாம். ஆருக்க மனசயாவது நோவடிச்சிட்டேனோன்னு கெடந்து உருகுகா. பேரு சொல்லாண்டாம் சார். நான் மன்னிப்பு கேட்டேன்னு அவங்ககிட்ட சொன்னா மட்டும் போதும்னு சொல்லுகா."

"சாப்பிடுகாளா?"

"எங்க சார். கஞ்சி வாயில வச்சா எறங்க மாட்டேங்கு. அதுக்குள்ள அவ நடப்பா சார். மலையெல்லாம் ஏறுவா. சாயங்காலம் எங்கிட்ட, அம்மா இன்னைக்கு அஞ்சு பேரத் தூக்கி விட்டேன்னு சொல்லுவா. இப்போ மேல மோட்டப் பாத்துக்கிட்டே கெடக்கா."

நான் பொறுமையாகக் கேட்டேன். பிறகு சொன்னேன். "தனக்கு அநியாயம் நடந்துட்டுன்னு அவ எழுதித் தரட்டும்மா. உடனே பாத்துடலாம்."

"அவ அப்படி எழுத மாட்டா சார்," என்றார். "நான் எழுதித் தந்தா பத்தாதா?"

அவள்தான் எழுத வேண்டும் என்றேன். எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பெமிலா கீழே வரை போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். முந்திரிக்கொத்து நன்றாக இருந்தது.

நீங்கள் தேடி வந்த விஷயத்துக்கு வருகிறேன். பூட்டைத் திறந்துவிடச் சொல்லித் தலைமை அலுவலகம் அனுப்பிய உத்தரவு மூன்றாம் நாளே என்னிடம் வந்துவிட்டது. பிடியரிசி என்றால் என்ன என்று பெமிலா எனக்குத் தெரியாமல் அவர்களுக்கு எழுதியிருக்கிறாள். அவர்களுக்கும் புரிந்திருக்கிறது. நான் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். லீலாபாய் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது அந்த உத்தரவு என் திரையில் திறந்துதான் இருந்தது. பெமிலா கேட்டபோதெல்லாம் இன்னும் வரவில்லை என்று சொன்னேன். நான் வேண்டுமென்றே தாமதித்தேனா என்று நேற்றுக் கேட்டீர்கள். ஆமாம்.

ஷைஜா பத்தொன்பதாம் நாள் இறந்துபோனாள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, சாப்பிடாத உடம்பு தாங்கவில்லை என்றார்கள். மருத்துவர் எழுதிய தாளில் நெஞ்சுச்சளி என்றுதான் இருக்கிறது.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பாட்டுப் புத்தகம் இல்லாத ஒருவருக்கு என் புத்தகத்தைக் கொடுத்தேன். மண் போடும்போது லீலாபாய் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல இருந்து நீங்களாவது வந்தீங்களே சார்," என்றார். நான் அவருக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னேன். சொன்னபடி ஜெபிக்கவும் செய்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பிப் பூட்டைத் திறந்துவிட்டேன். உத்தரவை நிறைவேற்றாமல் விடுவது என் பழக்கம் இல்லை. பூட்டுத் திறந்தால் ஆளின் உருவம் கடைசியாக நின்ற இடத்திலேயே மறுபடி தோன்றும்; கோட்டைக்குள் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள். "ஏட்டி வைத்தியச்சி, எங்கட்டி போன? வேற பெட்டி வச்சு நாங்க பாத்துக்கிட்டோம் பாத்துக்க," என்று தம்மாம்காரர் எழுதினார். ஆசிரியர் ஏதோ பாட்டுப் போட்டார். அவள் உருவம் அசையாமல் நின்றது. அவர்கள் காத்திருந்தார்கள். பெமிலா என் நாற்காலிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அழுகைச் சத்தத்தில் வேலை ஓடாது என்பதால் நான் திரையில் அந்தப் பச்சை விளக்கை அணைத்துவிட்டேன்.

அவளைத் தண்டிக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவளும் எல்லோரையும் போல ஒரு மனுஷி என்று அவள் வாயால் கேட்க விரும்பினேன். அதற்குப் போதுமான அவகாசமும் கொடுத்தேன். இரண்டு விரல் அசைந்ததே, எழுதியிருக்கலாம். பூட்டியதும் நான், பொய் எழுதியதும் நான், திறக்காமல் வைத்திருந்ததும் நான். இதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் என்னால் அவளுக்குத் தீங்கு நடந்தது என்று நீங்கள் சொல்வதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். என்னைப் பற்றி அவள் ஒரு புகாரும் எழுதவில்லை.